குட்டிகளோடு ஆறு மாதம் அலை ஓரத்தில்: குடும்பத்தோடு நீண்ட அலைச்சறுக்கு விடுப்பு எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலை 6.45. மனைவி தண்ணீரைவிட்டு ஏறி வருகிறார். காலில் கட்டிய கயிற்றை அவிழ்த்தபடியே, "சின்னவன் சாப்பிட்டானா?" என்கிறார். "பாதி" என்கிறேன். பலகை அவர் கையிலிருந்து என் கைக்கு வருகிறது. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் சின்னவனும் என் மடியிலிருந்து அவர் மடிக்கு மாறுகிறார்கள். இருவரும் மணி பார்த்துக்கொள்கிறோம். 8 மணிக்கு நான் கரையில் இருக்க வேண்டும்.

இந்தக் கைமாற்றம்தான் எங்கள் ஆறு மாதப் பயணத்தின் அச்சாணி. மூன்று வயது மகனையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஜனவரியிலிருந்து மார்ச் வரை இலங்கையின் தென்கரையிலும், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை போர்ச்சுகலிலும் இருந்துவிட்டு வந்தோம். கிளம்பும் முன் மாதக்கணக்கில் பேசியதெல்லாம் எந்த அலை, எந்தப் பலகை என்றுதான். போன பிறகு கேள்வியே வேறாகிவிட்டது: ஒருவர் தண்ணீரில் இருக்கும்போது மற்றவர் குழந்தைகளோடு கரையில் நிம்மதியாக இருக்க முடிகிறதா? இடம், மாதம், வீடு, பணம் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியில் உரசிப் பாருங்கள்.

படி 1: எவ்வளவு நாள், எந்த வயதில்

மூன்று மாதத்துக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். முதல் இரண்டு வாரம் கணக்கிலேயே வராது. நேர வித்தியாசம் உடம்புக்குப் பழக, மணிக்கு ஒரு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதோடு புதுத் தண்ணீர், புதுப் படுக்கை, ஒருவர் மாற்றி ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு மாதப் பயணம் என்றால் பாதி இப்படியே போய்விடும். ஆறு மாதம் கிடைத்தாலும் இரண்டு ஊர் போதும். நான்கு நாடு, எட்டுக் கடற்கரை என்று வரைபடத்தில் கோடு இழுக்கும் ஆசை எங்களுக்கும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு இடமாற்றமும் குழந்தைக்கு மறுபடி முதல் நாள். அந்த முதல் நாளின் அழுகையை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

வயதைப் பற்றி என் கருத்து இது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையைத் தூக்கிப்போவது எளிது, வெயிலிலிருந்து காப்பதுதான் கஷ்டம். ஆறு மாதத்துக்குக் கீழே சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலையும் துணியையும் நம்பச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை கஷ்டமான கட்டம்: ஓடத் தெரியும், பயம் தெரியாது. நான்கிலிருந்து ஏழு வரை பொற்காலம். எட்டுக்கு மேல் பிள்ளைகள் உங்களைவிட நன்றாகப் பலகையில் நிற்பார்கள், ஆனால் பள்ளியும் நண்பர்களும் பின்னால் இழுப்பார்கள். நாங்கள் கஷ்டமான கட்டத்தின் வால் பகுதியில் ஒருவனையும் பொற்காலத்தில் ஒருத்தியையும் வைத்துக்கொண்டு போனோம். ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கலாமோ என்று இன்றும் சில நேரம் தோன்றும்.

படி 2: கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். அலைச்சறுக்குக்குப் பேர்போன இடம் குழந்தைக்கு நல்ல இடமாக இருக்க வேண்டியதில்லை. போர்ச்சுகலின் எரிசேரா 2011இல் உலக சர்ஃபிங் (அலைச்சறுக்கு) காப்பகமாக, அதாவது அலைகளுக்காகவே காக்கப்பட வேண்டிய கரையாக, அறிவிக்கப்பட்டது. அதன் புகழ்பெற்ற அலைகள் பலவும் பாறைமேல் உடைபவை; குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அங்கே உருப்படியானது ஊருக்குத் தெற்கே ஆற்று முகத்தில் இருக்கும் மணல் கரைதான். அதே நாட்டின் நாசரேயில், கடலடிப் பள்ளத்தாக்கு குவித்துத் தரும் அலையில் 2020இல் 26.21 மீட்டர் உயரத்தில் ஒருவர் சறுக்கி உலக சாதனை படைத்தார். பார்க்கப் போகலாம். தங்கப் போகாதீர்கள்.

எங்களுக்கு வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. அடியில் மணல், பாறையோ பவளமோ வேண்டாம். கரை செங்குத்தாக இறங்காமல் மெல்ல மெல்ல ஆழமாக வேண்டும். செங்குத்தான கரையில் அலை காலடியிலேயே அறைந்து விழும், சின்னக் குழந்தையை அது உருட்டிவிடும். இரண்டு பக்கமும் முனை நீட்டிய விரிகுடாவாக இருந்தால் அலையின் வேகம் குறைந்து வரும். மணலைத் தொட்டபடி நிழல் இருக்க வேண்டும். நடந்தே வந்துபோகும் தூரத்தில் வீடு கிடைக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை வேண்டும். இவற்றில் நிழலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நிழல் இல்லாத கரையில் 9 மணிக்கு மேல் காவல் இருப்பவர் மூன்றாம் நாளே சண்டைக்கு வருவார்.

அடுத்தது மாதம். ஒரே தீவில்கூட ஒரு கரைக்குப் பருவம் என்றால் மறு கரைக்கு இல்லை. இலங்கையின் தென்கரை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. கிழக்கே அறுகம்பை ஏறத்தாழ மேயிலிருந்து செப்டம்பர் வரை. தெற்கே வெலிகம விரிகுடா பழகுபவர்களுக்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கும்: மணல் அடி, மெதுவான அலை, வெதுவெதுப்பான தண்ணீர். குறை, கூட்டம். பயிற்சி வகுப்புகள் தொடங்கிவிட்டால் பலகைகள் எந்தப் பக்கமிருந்து வருமென்று சொல்ல முடியாது. சின்னவர்களை ஆட்கள் குறைந்த ஓரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பாலியில் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வறண்ட காலம். அப்போது மேற்குக் கரைக்குக் காற்று நிலத்திலிருந்து வீசுவதால் அலை சுத்தமாக நிற்கும். மழைக்காலத்தில் கிழக்குக் கரை கைகொடுக்கும். கூட்டா பக்கம் மணல். உலுவாட்டு பக்கம் பவளப்பாறை, குழந்தைக்கு ஆகாது. கோஸ்டாரிக்காவில் நோசாராவின் கியோனெஸ் கரை மணல் விரிந்து நீளமாகக் கிடக்கும்; டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையில்லாத மாதங்கள். வடக்கே தமரிண்டோவும் பழகுபவர்களுக்கு ஏற்றது, ஆனால் அங்கே கழிமுகத்தில் முதலைகள் உண்டு. ஆறு கடலில் சேரும் இடத்தில் குழந்தையை இறக்காதீர்கள். மொராக்கோவின் தகாசூட்டுக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை பருவம். பக்கத்திலேயே அகாதிர் நகரம் இருப்பதால் மருத்துவமனைக் கவலை குறைவு.

குளிர்ந்த தண்ணீரை ஒதுக்கிவிடாதீர்கள். போர்ச்சுகலில் பெனிஷ், பலேயால் பக்கம் நிலம் மூக்குபோல நீட்டிக்கொண்டிருப்பதால், ஒரு பக்கம் கடல் கொந்தளித்தாலும் இன்னொரு பக்கம் அடங்கிக் கிடக்கும். குழந்தை வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஆனால் நாங்கள் இருந்த மாதங்களில் தண்ணீர் 15, 16 டிகிரிதான். மகள் இருபது நிமிடத்தில் உதடு நீலமாகி வெளியே வருவாள். கோடையில் வடக்கிலிருந்து பிற்பகல் காற்று ஓயாமல் அடித்து மணலை முகத்தில் வாரி இறைக்கும். காலையோடு கடற்கரைக் கணக்கை முடித்துக்கொள்ளப் பழகினோம்.

படி 3: காகித வேலை

விசாதான் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்யும், உங்கள் ஆசை அல்ல. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். போர்ச்சுகலிலிருந்து ஸ்பெயினுக்குத் தாவினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் பெறும் விசா 30 நாள், ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். இலங்கையின் சுற்றுலா அனுமதியும் முதலில் 30 நாள், பிறகு நீட்டிப்பு. அதற்கு மேல் தங்கவும், தொலைவிலிருந்து வேலை பார்க்கவும் விரும்பினால் அதற்கான தனி விசாவைத் தேடுங்கள்: கோஸ்டாரிக்கா 2021இல் இதற்குச் சட்டம் இயற்றியது, போர்ச்சுகல் 2022 அக்டோபரில் டி8 விசாவைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் வருமானச் சான்று காட்ட வேண்டும். விதிகள் பாஸ்போர்ட்டுக்கு பாஸ்போர்ட் வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். தூதரகத்தின் சொந்தப் பக்கத்தில் படித்ததை மட்டும் நம்புங்கள்.

குழந்தைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும். திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழின் நகல் கையில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு எல்லை கடக்கும் நாள் ஒன்று வரலாம். அதற்கு மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை பெற்ற சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. கடிதம் பெட்டியில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

படி 4: பணம், வேலை, பள்ளி

பணக் கணக்கு எளிது, ஆனால் பொய் சொல்லக்கூடாது. விமானம், வாடகை, சாப்பாடு என்று மூன்று வரியோடு நிறுத்திவிடுவார்கள். விசா நீட்டிப்பு, காப்பீடு, தடுப்பூசி, பலகை வாடகை, உடைந்த பலகைக்கு இழப்பீடு, குழந்தை பார்த்துக்கொள்பவர் சம்பளம், பூட்டிவிட்டு வந்த வீட்டின் செலவு, திரும்பிய பிறகு சம்பளம் வரும்வரை ஓடும் மாதம் இதெல்லாம் இரண்டாம் பக்கத்தில் வரும். திடீரென எல்லோருக்கும் திரும்பும் டிக்கெட் வாங்கும் அளவு பணத்தைத் தனியாக ஒதுக்கி, இல்லாததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை முழுதாக நிறுத்திவிட்டுப் போவது நல்லது. இருவரும் வேலை பார்த்தபடி, குழந்தை வளர்த்தபடி, அலையும் சறுக்கலாம் என்று நினைப்பவர்கள் மூன்றில் எதையாவது கைவிடுவார்கள், பெரும்பாலும் அலையைத்தான். ஒருவராவது முழு விடுப்பில் இருங்கள்.

பள்ளிக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டுக் கல்வியை நாட்டுக்கு நாடு வேறு மாதிரி பார்க்கிறார்கள்; ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தினம் ஒரு மணி நேரம் போதும்: வாசிப்பும் கணக்கும். மீதியைக் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை சொல்லிக்கொடுத்துவிடும். எங்கள் மகள் மணி பார்க்கக் கற்றதே கடல் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று பார்த்துத்தான்.

படி 5: உடம்பைத் தயார் செய்வது

கிளம்ப ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் பயண மருத்துவரைப் பாருங்கள். சில தடுப்பூசிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தவணை உண்டு. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ பற்றிக் கேளுங்கள். ரேபிஸையும் விட்டுவிடாதீர்கள்: பாலியில் 2008இலிருந்து நாய்களிடம் அந்நோய் இருக்கிறது, குழந்தைகளோ நாயைக் கண்டால் கையை நீட்டாமல் இருக்க மாட்டார்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் ஊற்றி 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், முன்பே ஊசி போட்டிருந்தாலும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதுவும் காலையிலும் மாலையிலும். நீங்கள் கரையில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான்.

காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்று இடத்தைப் படியுங்கள். சர்ஃபிங் சேர்ந்திருக்கிறதா, ஒரே பயணத்துக்கு எத்தனை நாள் வரை பொருந்தும் (வருடாந்திரப் பாலிசிகள் பலவும் ஒரு சில மாதத்திலேயே நின்றுவிடும்), அவசரத்தில் வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு உண்டா.

அப்புறம் நீச்சல். குழந்தை நீந்தத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்றில்லை. ஆனால் முகத்தைத் தண்ணீரில் வைக்கவும், மல்லாந்து மிதக்கவும், தள்ளிவிட்டால் திரும்பிப் படியைப் பிடிக்கவும் குளத்திலேயே பழகியிருக்க வேண்டும். இதை விடுப்பின் முதல் வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கடல் நீச்சல் கற்றுக்கொள்ளும் இடம் அல்ல. பெரியவர்கள் இருவரும் குழந்தைக்கான முதலுதவியையும் செயற்கைச் சுவாசத்தையும் வகுப்பில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 6: மூட்டை

பலகைகளை விட்டுவிட்டுப் போங்கள். நீளமான பலகையை விமான நிறுவனங்கள் பல ஏற்றுவதே இல்லை. குழந்தை, தள்ளுவண்டி, கார் இருக்கையோடு அதையும் இழுப்பது வீண் வேலை. போன இடத்தில் மாத வாடகைக்கு எடுக்கலாம், பழையது வாங்கிக் கிளம்பும்போது விற்கலாம். பெரியவருக்கு எட்டு, ஒன்பது அடி ஃபோம் போர்டு (மேல்பக்கம் மெத்தென்றிருக்கும் பலகை). அடிக்கடி இடைவெளிவிட்டுச் சறுக்குபவருக்கு அதுதான் அதிக அலை பிடித்துத் தரும், கௌரவம் பார்க்காதீர்கள். பிள்ளைக்கு ஐந்து, ஆறு அடி ஃபோம் போர்டு, அடியில் மிருதுவான ரப்பர் ஃபின் (மீன் துடுப்புபோல நீட்டியிருப்பது).

கொண்டுபோக வேண்டியவை போன இடத்தில் கிடைக்காதவை: குழந்தை அளவு வெட்சூட் (குளிர்ந்த தண்ணீருக்கான ரப்பர் உடை), கழுத்துவரை மூடும் முழுக்கை ராஷ் கார்ட் (வெயிலும் உராய்வும் படாமல் காக்கும் நீச்சல் சட்டை), தாடையில் கட்டும் தொப்பி, சிறு அளவு மிதவை உடுப்பு, கார் இருக்கை, பழகிய காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்சைடு கலந்ததாக எடுங்கள். ஹவாயில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்னும் ரசாயனங்கள் கலந்தவற்றை 2021 முதல் விற்கவே தடை.

படி 7: வீடு

முதல் பத்து நாளுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மீதி மாதங்களுக்கான வீட்டை நேரில் பார்த்துப் பிடியுங்கள். இதை நாங்கள் செய்யவில்லை. மூன்று மாதத்துக்கும் முன்பணம் கட்டினோம். "கடற்கரைக்கு ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தது. ஐந்து நிமிடம் உண்மைதான், நடுவில் பேருந்துகள் பறக்கும் நெடுஞ்சாலை இருந்தது. ஒரு கையில் பலகை, மறு கையில் மகன், மகள் யார் கையைப் பிடிப்பது? ஒன்பதாம் நாள் வீடு மாறினோம். முன்பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

வீடு பார்க்கும்போது அலையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். வேலியில்லாத நீச்சல் குளம் உள்ள வீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். கடலில் எல்லோரும் கண்கொத்திப் பாம்பாக இருப்போம். அசந்திருக்கும் மத்தியானத்தில் பின்வாசல் குளம்தான் ஆபத்து. மாடிக் கைப்பிடி இடைவெளி, கிணறு, தெருநாய், மின்வெட்டு, கொசுவலை பாருங்கள். வெளியே கால் கழுவ ஒரு குழாய் இருந்தால் வாடகை கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். குழாய் இல்லாத வீட்டில் மணல் சாப்பாட்டுத் தட்டுவரை வரும்.

படி 8: முறை போடுவது

கடலுக்கு ஒரு கடிகாரம், குழந்தைக்கு ஒரு கடிகாரம். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அவை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு அலை நன்றாக இருந்த நிலை நாளை 7.50க்கு, ஒரு வாரத்தில் மத்தியானத் தூக்கத்தின் மேல் போய் உட்காரும். இரண்டு வாரத்தில் சுற்றி மறுபடி காலைக்கே வந்துவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை குறைந்தது. "தினம் காலை எனக்கு, மாலை உனக்கு" என்று பிரித்தால் ஒருவருக்கு எப்போதும் நல்ல அலை, மற்றவருக்கு எப்போதும் காற்று கலக்கிய தண்ணீர். வெப்பமான கரைகளில் காலையில் நிலக்காற்று, பத்து பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று.

ஆகவே முதலில் தண்ணீரில் இறங்கும் முறை ஒரு நாள் ஒருவருக்கு, மறுநாள் மற்றவருக்கு. ஞாயிறு இரவு அட்டவணையை எடுத்து அந்த வாரத்துக்கு இருவர் பெயரும் எழுதி ஒட்டிவிடுவோம். ஒரு முறை எழுபத்தைந்து நிமிடம். நேரத்துக்கு வராதவர் அடுத்த நாள் முறையை இழப்பார். ஒரு நாள் "கடைசி ஒரு அலை" என்று நான் இருபது நிமிடம் தாமதித்தேன். மேலே வந்தபோது மனைவி ஒன்றும் பேசவில்லை, மகன் அழுதுகொண்டிருந்தான், அதற்குள் காற்றும் திரும்பிவிட்டது. அந்த வாரம் முழுக்க முதல் முறை அவருக்குத்தான்.

கரையில் இருப்பவரின் வேலை குழந்தையைப் பார்ப்பது மட்டும். தண்ணீரில் இருப்பவரைப் படம் எடுப்பதோ போனில் செய்தி பார்ப்பதோ கிடையாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. சின்னவன் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இருந்தால் நாமும் கையெட்டும் தூரத்தில் தண்ணீரில்தான். வாரத்தில் இரண்டு காலை உள்ளூர் மழலையர் பள்ளிக்கோ நம்பகமான ஒருவரிடமோ பிள்ளைகளை விட முடிந்தால், இருவரும் சேர்ந்து ஒரு முறை போகலாம். அந்த இரண்டு காலைக்காக மற்றச் செலவுகளைக் குறைத்தோம்.

படி 9: குழந்தையைப் பலகையில் ஏற்றுவது

குழந்தையின் இடுப்புக்கு மேல் வராத, ஏற்கெனவே உடைந்து நுரையாக ஓடிவரும் அலை போதும். உங்கள் தொடையளவு தண்ணீரில் நில்லுங்கள். பலகையின் மூக்கு (முன்முனை) அலையை நேராகப் பார்த்திருக்க வேண்டும், நீங்கள் பக்கவாட்டில். பலகை எப்போதும் அலைக்கும் குழந்தைக்கும் நடுவில் வரக்கூடாது. அலை அடித்தால் அது முகத்தில்தான் விழும்.

குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, கால்விரல்கள் பலகையின் வாலை (பின்முனையை) தொடும்படி பின்னால் நகர்த்துங்கள். முகவாய் மேலே. பலகையைக் கரைப்பக்கம் திருப்பி வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நுரை பலகையின் வாலைத் தொடும்போது தள்ள வேண்டாம், விட்டுவிடுங்கள், அலையே எடுத்துக்கொள்ளும். தள்ளினால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்திக் குழந்தை தலைகீழாகப் போகும். நான் முதல் நாள் தள்ளினேன். மகள் எழுந்து மூக்கைப் பிடித்தபடி, "அப்பா, நீங்க போய் நில்லுங்க, அம்மா வரட்டும்" என்றாள். மூன்று நாள் என் முறை வந்தாலும் கரையில்தான் இருந்தேன்.

முதல் பத்து நாள் படுத்தபடியே போகட்டும். எழுந்து நில் என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் முழங்காலில் வரும், இன்னொரு நாள் திரும்பிப் பார்த்தால் நின்றுகொண்டிருக்கும். விழும்போது தலையை முன்னால் கொடுக்காமல் தட்டையாக விழவும், மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளவும் மணலிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். மூன்று வயதுக்காரனைத் தனியாக விடாமல் நீள் பலகையில் என் முன்னால் படுக்கவைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் போதும். இன்னும் ஒன்று என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், அடுத்த நாளும் அதே ஆசையோடு வரும்.

படி 10: கடல் இழுக்கும் இடம்

தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இருபுறமும் நுரை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, நிறம் கருத்து இருந்தால் அதுதான் ரிப் கரண்ட், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி. குழந்தை வைத்திருப்பவர்களை ஏமாற்றுவது அந்த அமைதிதான். அலையில்லாத இடம் பாதுகாப்பு என்று நினைத்து அங்கேதான் இறக்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு நுரையோடு கரைக்கு வர வேண்டும்.

உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடி நட்டிருக்கும் கரையில் கொடிகளுக்கு நடுவே குளிப்பவர்கள். பலகையோடு போவது அதற்கு வெளியே. பல நாடுகளில் உயிர்காப்பாளர்கள் கோடையில் மட்டுமே இருப்பார்கள். இல்லாத மாதங்களில் உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரை முதல் வாரமே பழகிக்கொண்டு எங்கே இழுக்கும், எங்கே கல் இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

படி 11: சின்னச் சின்னக் காயங்கள்

வெயிலில் சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காதுக்குள் தண்ணீர் தேங்கி வலி வருவது சின்னவர்களுக்குச் சகஜம். குளித்ததும் தலையைச் சாய்த்துத் துடைத்துவிடுங்கள், காது வலியோடு விமானம் ஏறாதீர்கள். மணல் அடியில் திருக்கை படுத்திருக்கும் கரைகளில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கப் பழக்குங்கள், அதுவே விலகிப்போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் காலை வைக்க வலி குறையும்; சூட்டை முதலில் பெரியவர் கைவிட்டுப் பாருங்கள். காயத்தை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். பவளம் கீறிய காயம் சின்னதாகத் தெரிந்தாலும் வெப்ப நாட்டில் சீக்கிரம் சீழ் பிடிக்கும். கடல் நீர் குடித்துவிட்ட குழந்தைக்கு இருமல் அடங்காமல் தொடர்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 12: மூன்றாவது மாதம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் மாதம் புதுமை, இரண்டாவது மாதம் பழக்கம், மூன்றாவதில் சலிப்பு. மகள் ஒரு காலை, "இன்னைக்கு நான் கடலுக்கு வரல" என்றாள். அடுத்த நாளும் அதேதான். அலுப்பு வந்தது கடல்மேல் இல்லை, பேசத் தன் வயதில் ஆள் இல்லாததில். கடற்கரையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு விளையாட விட்டோம். மொழி தெரியாமலே ஒரு வாரத்தில் பத்து வார்த்தை வந்தது. பிறகு அந்தப் பிள்ளைகளே அவளைக் கடலுக்கு இழுத்துப்போனார்கள். வாரம் ஒரு நாள் கடல் பக்கமே போகாத நாள் வையுங்கள். பெரியவர்களுக்கும் அது வேண்டும்; தோள் வலிக்கும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும், நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேலை.

படி 13: திரும்புவது

பள்ளி திறக்கவும் வேலைக்குப் போகவும் இரண்டு வாரம் முன்னால் வீடு வந்து சேருங்கள். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே பலகைகளை விற்கச் சொல்லி வையுங்கள். கடைசி நாளில் விற்றால் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், பாதிப் பேர் அன்றும் வர மாட்டார்கள். வாடகைப் பலகைகளைத் திருப்பும்போது கீறல்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெட்சூட்டுகளை நன்னீரில் இரண்டு முறை அலசி, உட்பக்கம் வெளியே திருப்பி, நிழலில் உலர்த்தி மடியுங்கள். ஈரமாக மடித்த மகனுடையதை நாங்கள் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. மகளுக்கு ஒரு அளவு பெரியதாக வாங்கியது நல்லதாகப் போயிற்று. கையை மட்டும் ஒரு மடிப்பு மடித்துவிட்டால் போதும், இன்னும் ஒரு வருடம் தாங்கும்.